அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

மகனே,

ஞாயிற்றுக்கிழமை நீ கோபித்துக்கொண்டு போனபோது கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கோபப்பட்டு, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். நீ கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சப்பாத்துக் கயிற்றைக்கூடக் கட்டாமல், எலிவேற்றருக்காகக் காத்து நின்றாய். நம் கட்டடத்து எலிவேற்றர் வருமா வராதா என்று அதற்கே தெரியாது. நீ அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, நான் இங்கே மேசையடியில் இருக்க, நடுவில் கதவு திறந்து கிடந்தது. கடைசியில் நீ படிக்கட்டால் இறங்கிப் போய்விட்டாய். ஒஷாவாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் ‘வந்திட்டன்’ என்று ஒரு போன் அடிப்பது உன் வழக்கம். அன்றைக்கு அடிக்கவில்லை. நானும் உனக்கு அடிக்கவில்லை.

மேசையில் கிடந்தது உன் கலியாண அழைப்பிதழின் மாதிரி. பிழை பார்த்துத் தரச் சொல்லி அச்சுக்காரர் கொடுத்தது. ஊரில் அரை ஆயுள் ரீச்சராக இருந்தவளிடம் பிழை பார்க்கக் கொடுத்தாய், அதில் தப்பில்லை. மணமகன் வீட்டுப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டிருந்தது. நான் சிவப்புப் பேனையை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். கோபத்தோடு வெட்டவில்லை மகன். பிள்ளைகளின் கொப்பியில் எழுத்துப்பிழையை வெட்டுகிற மாதிரித்தான் வெட்டினேன்.

“அம்மா, அது பிழையில்லை. நான்தான் போடச் சொன்னனான்” என்றாய்.

“உன்ர மாமனார் சொன்னவரோ?”

“அவரும் சொன்னவர்தான். ஒண்டும் போடாமல் விட்டால் ஆக்கள் என்ன நினைப்பினம் எண்டு கேட்டவர். பெண்சாதியை விட்டிட்டுப் போன மனுசன், எங்கையோ வேற குடும்பத்தோட இருக்கிறார் எண்டு கதைப்பினமாம். ஆனா அதுக்காக நான் போடேல்லை.”

“பின்ன?”

நீ யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். “எனக்கு அப்பா செத்தவரா இருக்கோணும் அம்மா. ஐ நீட் தட். செத்த அப்பா எண்டால் நான் அழலாம், படத்துக்கு மாலை போடலாம், திவசம் செய்யலாம். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் இவர்தான் உன்ர அப்பப்பா எண்டு சொல்லலாம். காணாமல்போன அப்பாவை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?”

நான் எழுந்து குசினிக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நீ என் பதிலாக எடுத்துக்கொண்டாய். அது பதில் இல்லை. பதில் இந்தக் கடிதம்தான்.

இதை நம் வாரப் பத்திரிகைக்கும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். முதல் பிரதி உனக்கு. நீ வேண்டாம் என்றால் கொடுக்க மாட்டேன். ஏன் பத்திரிகைக்கு என்று கேட்பாய். ‘அமரர்’ என்ற சொல் தனியாக வருவதில்லை. அது வந்தால் நான் கைம்பெண். நான் கைம்பெண் என்றால் மணவறையில் உன் பக்கத்தில் நான் நிற்கக்கூடாது, சித்தப்பாவும் சித்தியும் நிற்பார்கள். நான் மண்டபத்தில் ஒரு தூணோரம் பார்த்து உட்கார வேண்டும். சொல் வராவிட்டால் உன் மாமனார் சொன்ன கதை வரும். எது வந்தாலும் அன்றைக்கு ஒவ்வொரு மேசையாகப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிய எனக்குத் தெம்பில்லை. வருகிறவர்கள் முன்கூட்டியே வாசித்துவிட்டு வரட்டும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கமுன் கலியாணத்தை முடிக்க வேண்டும் என்று உன் மாமனார் நிற்கிறார். எனக்கு அறுபது வயது. களைப்பாக இருக்கிறது. களைப்பிலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நீயும் அங்கே இருந்தாய், ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒருதரம் கேள். உனக்குப் பதினாலு வயது. விடியவே ஆமிக்காரர் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். நீ வயதுக்கு மிஞ்சி வளர்ந்திருந்தாய். உன்னை என் பக்கத்தில் நிலத்தில் இருத்தி, கூனிக்கொண்டு இரு என்று சொன்னேன். முகத்தை மூடிக்கட்டிய தலையாட்டி ஒருவனை ஜீப்புக்குள் வைத்திருந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் ட்றக்கில் ஏற்றுவார்கள். அப்பா போனபோது அந்தத் தலை ஆடியது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனுசன், வீட்டுக்குள் வந்த பூனையைக்கூட ‘கொஞ்சம் தள்ளு’ என்று கெஞ்சுகிறவர். ட்றக்கில் ஏறமுன் எங்களைப் பார்த்து, “வெயிலுக்கை நிக்காமல் வீட்டை போங்கோ” என்றார். பிறகு நீயும் நானும் முகாம் முகாமாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வாசலிலும் தமிழ் தெரிந்த யாராவது ஒருவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை” என்பார். செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை, உடலைக் காட்டவும் இல்லை. அவர்களே சொல்லாததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று, பொட்டை அழிக்காமல் உன்னையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தேன்.

இனி நான் சமீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அவரைத் தெரியும். கட்டை முடி, கறுப்புக் கோட், நம் வீட்டு வாசலில் பழைய காரை நிறுத்தி ஹோர்ன் அடிக்கிற பேராசிரியை. அம்மா என்ன வேலை செய்கிறா என்று உன் சிநேகிதர்கள் கேட்டால் ‘யூனிவேர்சிற்றியில பார்ட் டைம்’ என்று நீயே சொல்லிவிடுவாய். அது என்ன பார்ட் டைம் என்று நீ கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. சமீரா பாலஸ்தீனப் பெண். பெற்றோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டு, லெபனானில் ஒரு அகதி முகாமில் பிறந்தவர். படித்தது இலக்கியம். நாடிழந்தவர்கள் எழுதிய நாவல்களில், இறந்துபோனவர்களையும் திரும்பி வராதவர்களையும் பற்றி எப்படிப் பேசுகிறார்கள், எந்தச் சொல்லைப் போடுகிறார்கள், எந்தச் சொல்லை விழுங்குகிறார்கள் என்று ஆராயத் தொடங்கியவர். பிறகு, நாவல் எழுதாத சனங்கள் தங்கள் குசினியில் இருந்து எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்க வெளியே வந்துவிட்டார். முதலில் தன் ஆட்களிடம் கேட்டார். பிறகு வேறு யுத்தத்திலிருந்து வந்தவர்களையும் கேட்க வேண்டும் என்று ஸ்காபரோவுக்கு வந்தார். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண் தேவை என்று சமூக நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து நான் போனேன்.

என் வேலை இதுதான். அவரோடு வீடுகளுக்குப் போவேன், அவர் கேட்பதைத் தமிழில் கேட்பேன், பெண்கள் சொல்வது கசெட்டில் பதியும், பிறகு வீட்டில் இருந்து அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவேன். நம் பெண்கள் முதலில் அவரை வெள்ளைக்காரி என்று நினைத்தார்கள். பால் விடாத தேத்தண்ணி போதும் என்று அவர் சொன்னதை ஒரு வீட்டிலும் நம்பவில்லை. பாலும் மூன்று கரண்டி சீனியும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பாவம், எல்லாவற்றையும் குடித்தார். ஆய்வின் தலைப்பில் ‘ட்ரோமா’ என்று ஒரு சொல் இருந்தது. அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார். படித்தவர்கள் ‘மனவடு’ என்று எழுதுகிறார்கள் என்றேன். முதல் வீட்டில் அப்படியே கேட்டும் பார்த்தேன். அந்த அக்கா, தன்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறேனோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்ன ரீச்சர், எனக்கு விசர் எண்டு எழுதப்போறியளோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தச் சொல்லைத் தொடவில்லை. ‘எப்ப ஏங்கிப்போனனீங்கள்?’ என்று கேட்டோம். பயத்தில் உள்ளுக்குள் ஏதோ அப்படியே நின்றுபோவதற்கு நம் ஆட்கள் ஏங்கிப்போவது என்றுதானே சொல்வார்கள். அப்படிக் கேட்டதும் எல்லோரும் பேசினார்கள். நிறுத்த முடியாமல் பேசினார்கள்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் சமீரா தன் அறைக்கு வரச் சொன்னார். என் தாள்களையெல்லாம் மேசையில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, இங்கே தமிழாக்கித் தருகிறேன். என் மொழிபெயர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை நீயே தெரிந்துகொள்வாய்.

“உங்கள் தாள்களில் ஒருவரும் சாகவில்லை” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“இத்தனை பெண்கள், இவ்வளவு பெரிய யுத்தம். ஒரு கணவனும் சாகவில்லை, ஒரு மகனும் சாகவில்லை. எல்லோரும் ‘இங்கே இல்லை’. முதலில் இது உங்கள் ஆட்களின் பண்பு என்று நினைத்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகு சந்தேகம் வந்தது.”

தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் வாதாடினேன். ‘அவர் இப்ப இல்லை’ என்றால் கடைக்குப் போயிருக்கிறார் என்றும் வரும், செத்துப்போனார் என்றும் வரும். ஒரே சொல்தான், சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். “அப்படியானால் நீங்கள் முகத்தைப் பார்த்தீர்களே” என்று சொல்லிக்கொண்டு ஒரு தாளை எடுத்து நீட்டினார். நம் கட்டடத்தில் கீழே இருந்தாரே, வலது கை நடுங்குகிற அக்கா, அவருடைய தாள். அவருடைய புருஷன் இங்கே ஆஸ்பத்திரியில் மாரடைப்பில் போனவர். செத்தவீட்டில் நானும் நீயும் நின்றோம், எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு நான் பலகாரம் சுட்டுக் கொடுத்தேன். என் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, ‘என் கணவர் இங்கே இல்லை.’

“இவர் எங்கே போயிருக்கிறார்?” என்று சமீரா கேட்டார்.

“எரிச்சுப்போட்டம்” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். சமீரா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவர் நிறுத்தினார், எனக்கு நிற்கவில்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய மொழிபெயர்ப்பு முழுக்க என் சொந்தக் கதையாக இருந்திருக்கிறது. யாரோ ஒரு பெண் ‘இல்லை’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த முகாம் வாசல் எனக்கு முன்னால் வந்திருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் ஒருவரையும் சாக விடவில்லை.

என்னை வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் செய்தது அதைவிடக் கஷ்டமானது. “திரும்பப் போய் ஒவ்வொருவரையும் கேட்போம். நீங்கள் சொன்ன ‘இல்லை’ எந்த ‘இல்லை’ என்று அவர்களே சொல்லட்டும்” என்றார். அப்படி ஒரு கேள்வியை யாரிடமாவது கேட்க முடியுமா? ஆனால் போனோம். அந்தப் பனிக்காலம் முழுக்க பஸ்ஸிலும் காரிலுமாகத் திரிந்தோம். நடுங்குகிற கை அக்கா, “அட பாவி, அந்தாள் செத்து நாலாம் வருஷம், நீ வந்து பலகாரம் சுட்டனியே” என்று என்னையே ஏசினார். வேறொருத்தி எழுந்துபோய் ரீவியைச் சத்தமாக வைத்தாள். இன்னொருத்தி, “உங்களுக்கு எது வசதியோ அதை எழுதுங்கோ. எனக்கு இனி ஏலாது” என்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்து நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

வெக்ஸ்போர்ட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க வேதக்காரப் பெண் இருந்தார். மார்க்கிரட் என்று வைத்துக்கொள், அது அவர் பெயரில்லை. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கடலா, நேவியா என்று தெரியாது. நான் கேள்வியைக் கேட்டதும் அவர் கோபிக்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. “கோயில்ல அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிற நாளில அவர் செத்தவர், ரீச்சர். மற்ற நாளில இல்லாதவர்” என்றார். பூசை வருஷத்தில் ஒருநாள். அன்றைக்குக் கறுப்புச் சீலை உடுத்துவார், அழுவார், பிள்ளைகளுக்கும் அழச் சொல்லிக் கொடுப்பார். அடுத்த நாள் கறுப்பை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது சமீரா பேனையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. காரில் திரும்பி வரும்போது, ஒரு மனுசன் ஒருநாளைக்குச் செத்தும் மறுநாள் சாகாமலும் எப்படி இருப்பான் என்று கேட்டேன். சமீரா ரோட்டைப் பார்த்தபடியே தோளைக் குலுக்கினார்.

இடையில் ஒரு புத்திமதி. நீ கட்டப்போகிற தர்சினி நல்ல பிள்ளை, உன்னைவிடப் பொறுமைசாலி. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கும்போது நீ என்ன என்று கேட்பாய். “ஒண்டுமில்லை” என்பாள். நீ அப்பாவைப் போல அதை நம்பிவிட்டுப் பேப்பர் வாசிக்கத் தொடங்காதே. எந்த இல்லை என்று கேள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், சிலவேளை பேச்சும் விழும். இருந்தாலும் கேள். நம் வீட்டில் நீயும் நானும் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அதைச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்லுகிறாய் என்று நான் உன்னைக் கேட்டதே கிடையாது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று இந்தக் கிழமைதான் யோசிக்கிறேன்.

நீ போன மறுநாள் காலையில் நான் சமீராவின் வீட்டுக்குப் போனேன். ஆய்வு முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் அவர் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்து அடுப்பில் தண்ணீர் வைத்தார். நடந்ததைச் சொன்னேன். அழைப்பிதழை எடுத்துக் காட்டினேன். நான் வெட்டிய சொல்லை விரலால் தொட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சாகாதவர் என்பதுதான் நேர் அர்த்தம், ஆனால் செத்தவருக்குத்தான் போடுவோம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.

“எங்களிடம் மர்ஹூம் என்று போடுவார்கள்” என்றார். இரக்கம் காட்டப்பட்டவர் என்று அர்த்தமாம்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். யாழ்ப்பாணத்தில் என்னோடு படிப்பித்த கதீஜா ரீச்சரின் தகப்பனார் இறந்தபோது அவர்கள் தெருவில் ஒட்டியிருந்த அறிவித்தலில் பார்த்திருக்கிறேன். சொன்னேன். கதீஜா இப்போது எங்கே என்று சமீரா கேட்டார். தெரியாது என்றேன். நாங்கள் இங்கே வந்தபிறகு அந்தத் தெருவில் இருந்த முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் கையில் எடுத்ததோடு போகச் சொல்லிவிட்டார்கள், சொன்னவர்கள் ஆயுதம் வைத்திருந்த எங்கள் ஆட்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோடு பழகிய இத்தனை காலத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல்தரம். அவர் தலையை அசைத்துவிட்டு, என் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். மகன், அத்தனை குசினிகளில் அத்தனை பேரின் கதையைக் கேட்ட மனுசி, தன் கதையை அதுவரை எனக்குச் சொன்னதில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான். பெய்ரூட்டில் சண்டை நடந்த நாட்களில் காஸ் சிலிண்டர் மாற்றிக்கொண்டு வாறன் என்று போனவன் வரவில்லை. அவர்கள் வழக்கத்தில், இறந்தவரின் பெயரைச் சொன்னால் உடனே ‘அல்லா யர்ஹமு’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், கடவுள் அவருக்கு இரங்கட்டும் என்று. தம்பியின் பெயருக்குப் பின்னால் அதைச் சொல்ல அவருடைய தாய் ஒருவரையும் விடவில்லை. வாய் தவறிச் சொன்ன சொந்தக்காரர் ஒருவரை வீட்டை விட்டே அனுப்பினாராம். தாய் இறந்தபோது மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர்களைப் போட வேண்டி வந்தது. தம்பியின் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போட வேண்டும் என்றார் சமீராவின் அக்கா. போடக்கூடாது என்றார் சமீரா. தாயின் உடலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். அக்கா போட்டுவிட்டார்.

“அன்றைக்கு அவளோடு பேச்சை நிறுத்தினேன்” என்றார் சமீரா. “ஆத்திரத்தில் இங்கே வந்து, மனிதர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினேன். நான் சரி, அவள் பிழை என்று எழுதிக் காட்டத்தான் தொடங்கினேன். போன வருஷம் அவளும் செத்துப்போனாள். கட்டுரைகள் எல்லாம் எழுதி முடித்தாயிற்று. நான் சரியாகத்தான் இருந்தேன். அதனால் என்ன?”

அவர் என்னைக் கெனடி ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, “உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான். அவனோடு பேசுங்கள்” என்றார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அவர் மேல் கோபமாகத்தான் இருந்தது. என் கணவரைப் பற்றிக் கேட்கப் போனவளுக்கு மகனைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டாரே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து, நீ சொன்னதையெல்லாம் இன்னொருதரம் என் மனதுக்குள் ஓடவிட்டேன். செத்த அப்பா எண்டால் நான் அழலாம் என்றாய். மகன், மைதானத்தில் உன்னைக் கூனிக்கொண்டு இரு என்று சொன்னவள் நான். வீட்டுக்கு வந்தபிறகு, அழாதே, அப்பா வந்திடுவார், அழுதால் அவருக்கு ஆகாது என்று சொன்னவளும் நான். பதினாலு வயதுப் பிள்ளை அதைக் கேட்டு நடந்தாய். கனடாவுக்கு வந்தும் நடந்தாய். ஹைஸ்கூல் போனாய், ஸ்னோ வாரினாய், பக்டரி வேலைக்குப் போனாய், ஒரு பெண்ணையும் தேடிக்கொண்டாய். ஒருநாளும் அழவில்லை. எவ்வளவு தைரியமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காத்திருப்பது நான், அதனால் பாரமும் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். என் காத்திருப்பை உன் தலையிலும் ஏற்றி வைத்திருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு இப்போது அதுதான் பெரிய துக்கமாக இருக்கிறது, அப்பா போனதைவிடவும்.

ஆகவே அச்சுக்காரரிடம் சொல்லிவிடு. நான் வெட்டியதை அவர் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடட்டும், நல்ல பெரிய எழுத்தில் போடட்டும். உனக்கு ஒரு செத்த அப்பா வேண்டும் என்றால் எடுத்துக்கொள் ராசா. நான் தடுக்கவில்லை. படத்துக்கு மாலை போடு. திவசத்துக்கு நாள் தெரியாதே என்று ஐயரிடம் கேட்டால் அவர் ஏதாவது ஒரு அமாவாசையைச் சொல்லுவார். அன்றைக்கு நான் வந்து சமைத்துத் தருகிறேன். நீ அழு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழு. பக்கத்தில் இருப்பேன், அழாதே என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அது உன்னுடைய அப்பாவுக்கு. என்னுடைய புருஷனுக்கு நான் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்லுவேனா என்றும் தெரியாது. சொல்லும்படி நீயும் கேட்காதே, உன் மாமனாரும் கேட்க வேண்டாம். கலியாணத்தன்று நான் பட்டுச் சீலை உடுத்தி, குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு வருவேன். மணவறையில் உன் பக்கத்தில் நானே நிற்பேன், தனியாகத்தான் நிற்பேன். சித்தப்பாவும் சித்தியும் முன்வரிசையில் வசதியாக உட்கார்ந்து பார்க்கட்டும். ஐயர் ஏதாவது முணுமுணுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். கையில் அழைப்பிதழை வைத்துக்கொண்டு என் நெற்றியைப் பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். குழம்பட்டும் மகன். நீயும் நானும் இத்தனை வருஷம் குழம்பினோம், அவர்கள் ஒரு பகல் குழம்பட்டும்.

அம்மா